கிளாசிஃபிகேஷன் டேபிளுக்கு லைசென்ஸ் மாறுதாம், கோடு நம்பர் போட்டு வச்ச மாடல் எல்லாம் என்ன ஆகும்?

யீஷூன்_மாடலர்

வணக்கம். பில்டிங் சர்வீசஸ் கன்சல்டன்சி ஒண்ணுல பிம் (கட்டடத்த கம்ப்யூட்டர்ல விவரத்தோட 3டி மாடலா பண்றது) கோஆர்டினேட்டரா இருக்கேன், சிங்கப்பூர்ல ஊபி பக்கம் சின்ன ஆபீஸ். ஒரு விஷயம் தலையும் புரியல வாலும் புரியல, இங்க கியூஎஸ் (அளவு, செலவு கணக்கு பாக்கறவங்க), பிம், கான்ட்ராக்ட் ஆளுங்க நிறைய பேரு இருக்கீங்க, அதான் கேக்கறேன்.

நாங்க மாடல் பண்ற சாஃப்ட்வேர் ரெவிட், அதுல ஃபேமிலின்னா ரெடிமேடா வச்சிருக்கற மாடல் பாகம். அந்த ஃபேமிலி லைப்ரரில தீயணைக்கற ஸ்பிரிங்க்ளர் ஹெட்டுலேர்ந்து ஏர்கான் ஏஎச்யூ வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு வெளிநாட்டு கிளாசிஃபிகேஷன் ஸ்டாண்டர்ட்படி, அதாவது கட்டட பாகத்தயெல்லாம் வகை பிரிச்சு நம்பர் குடுக்கற டேபிள்படி, கோடு நம்பர் போட்டு வச்சிருக்கோம். எந்த ஸ்டாண்டர்ட்னு பேரு போட வேணாம்னு பாஸ் சொல்லிட்டாரு, கிளையன்ட் கூட இன்னும் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. கோடு போடறதுக்கு ரெவிட்டோட சேந்து ஓடற ஒரு ஆட்-இன் வாங்கி வச்சிருக்கோம், அதுல டேபிள் முழுசும் உள்ளயே இருக்கும், ஃபேமிலிய செலக்ட் பண்ணி கோட கிளிக் பண்ணா நம்பரும் பேரும் பாராமீட்டர்ல (விவரக் கட்டத்துல) போய் உக்காந்துக்கும். போன வாரம் அந்த ஆட்-இன்காரங்க ஈமெயில் அனுப்பியிருக்காங்க, டேபிளோட உரிமைக்காரங்க லைசென்ஸ் நிபந்தனைய மாத்திட்டாங்களாம், சாஃப்ட்வேருக்குள்ள வச்சு விக்கணும்னா தனி ஒப்பந்தம் போடணுமாம், அதனால அடுத்த ரினியூவல்லேர்ந்து கிளாசிஃபிகேஷன் டேட்டாவுக்கு தலைக்கு இவ்வளவுன்னு தனி காசாம். ஆபீஸ்ல ரெவிட் தொடற ஒவ்வொருத்தருக்கும் கட்டணும்னா எங்கள மாதிரி சின்ன கம்பெனிக்கு அது அடிமடியிலயே கை வைக்கற வேலை.

பாஸ் கேக்கற கேள்வி எல்லாம் எங்கிட்டதான் வருது. ஏற்கனவே கோடு போட்டு குடுத்த மாடல்லாம் தப்பாயிடுமா? காசு கட்டலன்னா கோட எல்லாம் அழிக்கணுமா? சர்வர்ல பழைய எக்செல் ஒண்ணு இருக்கு, அத வச்சே ஓட்டிக்கலாமா? கிளையன்ட் டாக்குமென்ட்ல "லேட்டஸ்ட் வெர்ஷன்"னு எழுதியிருக்காங்க, அது ஒரு பக்கம் உறுத்துது. அரசாங்க அனுமதிக்கு மாடல குடுக்கற கோர்நெட் எக்ஸ் சப்மிஷனுக்கு இதனால ஏதாவது சிக்கல் வருமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஜூரோங்_கியூஎஸ்_அக்கா

தம்பி, முதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடறேன், அத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்காதீங்க. கோர்நெட் எக்ஸ்க்கு வேண்டியது ஐஎஃப்சி-எஸ்ஜி. ஐஎஃப்சின்னா வேற வேற சாஃப்ட்வேரும் படிக்கற பொது மாடல் ஃபார்மேட், இது அதோட சிங்கப்பூர் வடிவம். அது கட்டட ஆணையம் பிசிஏவும் மத்த ஏஜென்சிகளும் சேந்து நம்ம ஊருக்குன்னு பண்ணது, எந்த காம்பொனென்ட்டு எந்த ஐஎஃப்சி என்டிட்டி (வகை), எந்த எஸ்ஜிபிசெட்ல (பிராப்பர்ட்டி தொகுப்புல) என்ன பிராப்பர்ட்டி போகணும்னு அதுலயே இருக்கு, ரெவிட்டுக்கு ஆர்ச்சிகேடுக்கு டெக்லாவுக்குன்னு ரிசோர்ஸ் கிட்டும் இலவசமாதான் குடுக்கறாங்க. உங்க வெளிநாட்டு கோடு அதுல இருந்தா இருக்கட்டும், இல்லன்னா அதுக்காக யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. 30,000 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள புது ப்ராஜெக்ட்டுக்கு 2025 அக்டோபர் 1லேர்ந்து கட்டாயம், எல்லா புது ப்ராஜெக்ட்டுக்கும் 2026 அக்டோபர் 1, உங்க பாஸ் கவலைப்பட வேண்டிய தேதி அதுதான்.

இப்ப லைசென்ஸ் விஷயம். எல்லா ஸ்டாண்டர்டும் ஒரே மாதிரி லைசென்ஸ்ல வரல, அத பிரிச்சு பாக்காம பதில் சொல்ல முடியாது. மாஸ்டர்ஃபார்மேட்ட எடுத்துக்குங்க, அமெரிக்கால சிஎஸ்ஐ சங்கமும் கனடால சிஎஸ்சி சங்கமும் சேந்து வெளியிடற கட்டுமான வேலை பட்டியல், காசு குடுத்து வாங்கற சரக்கு, சாஃப்ட்வேர்ல வச்சு விக்கறவங்களுக்கு தனி லைசென்ஸ். பிரிட்டன்ல யூனிகிளாஸ் வேற மாதிரி, என்பிஎஸ்ங்கற கம்பெனி அத பல வருஷமா கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பை-என்டி 4.0ல வெளியிட்டாங்க, அதாவது பேர சொல்லிட்டு யாரு வேணா எடுத்துக்கலாம், பிசினஸுக்கும் பயன்படுத்தலாம், ஆனா மாத்தி எழுதி அத வெளிய பரப்பக் கூடாது. உங்களோடது இதுல எந்த வகைன்னு பாத்தாதான் மேல பேச முடியும்.

இன்னொண்ணு, லைசென்ஸ் மாறலன்னாலும் டேபிளே மாறும், அத பாத்தவ நான். 2004ல மாஸ்டர்ஃபார்மேட் 16 டிவிஷன்லேர்ந்து 50 ஆச்சு. அதுக்கு முன்னாடி கான்க்ரீட் காஸ்ட்-இன்-ப்ளேஸ் 03300, அப்புறம் 03 30 00. அது பரவால்ல, பாத்தாலே புரியும். எம்அண்ட்ஈ ஆளுங்கதான் பாவம், 15னா மெக்கானிக்கல் 16னா எலக்ட்ரிக்கல்னு மனப்பாடமா வச்சிருந்தவங்க திடீர்னு ஃபயர் ஃபைட்டிங்குக்கு 21, பிளம்பிங்குக்கு 22, ஏர்கானுக்கு 23, எலக்ட்ரிக்கலுக்கு 26னு தேட வேண்டியதாப் போச்சு. பழைய ரேட் லைப்ரரிய புது நம்பருக்கு மாத்தறதுக்குள்ள பல கியூஎஸ் ஆபீஸ்ல போதும் போதும்னு ஆயிடுச்சு. அதனால அடுத்தவங்க நம்பர நம்ம வீட்டுக்கு அஸ்திவாரமா வைக்கக் கூடாதுன்னு நான் எல்லா புது பசங்களுக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன்.

செங்காங்_சைட்

ப்ரோ இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு, பழைய எக்செல் இருக்குல்ல, அதையே வச்சு ஓட்டுங்க லா. எங்க மெயின் கான் (முதன்மை கான்ட்ராக்டர்) கம்பெனில எல்லாரும் அப்படித்தான் பண்றோம், யாரும் வந்து கேட்டதில்ல. வெறும் நம்பர்தான, நம்பருக்கு போய் காப்பிரைட்டா?

தஞ்சோங்பகார்_கான்ட்ராக்ட்

மேல ப்ரோ சொன்னத கேட்டு அப்படியே இறங்கிடாதீங்க, ஆழம் தெரியாம கால விடற கதையாயிடும். நான் வக்கீல் இல்ல, கான்ட்ராக்ட் அட்மின், ஆனா லைசென்ஸ் படிக்கறதே என் பொழப்பு, அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கிட்டு படிங்க.

"வெறும் நம்பர்தான"ங்கற கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கு, ரெண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கு. அமெரிக்கால பல் டாக்டருங்க சங்கம், அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன், அவங்க பல் சிகிச்சைக்கெல்லாம் ஒரு கோடு லிஸ்ட் வச்சிருக்காங்க, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நம்பரு, கூடவே ஒரு விளக்கம். டெல்டா டென்டல்ங்கற இன்சூரன்ஸ் கம்பெனி அத எடுத்து தன் புத்தகத்துல போட்டுச்சு. 1997ல ஏழாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டு, வகைப்படுத்தறதுலயே ஒரு படைப்பு இருக்கு, அதனால அந்த லிஸ்ட்டுக்கு காப்பிரைட் உண்டுன்னு சொல்லிடுச்சு. ஆனா 2004ல சவுத்கோ கேஸ்ல மூணாவது சர்க்யூட் வேற மாதிரி சொல்லிச்சு, அது திருகு, ஃபாஸ்ட்னர் பார்ட் நம்பரு, ஒன்பது இலக்கம், ஒவ்வொரு இலக்கமும் நீளம் விட்டம் ஃபினிஷ்னு விதிப்படி தானா வந்து விழுது, அதுல படைப்புன்னு ஒண்ணும் இல்ல, காப்பிரைட் கிடையாதுன்னுட்டாங்க. கட்டுமான கிளாசிஃபிகேஷன் இந்த ரெண்டுல எதுக்கு பக்கம்னு நீங்களே பாருங்க. கதவ எந்த குரூப்புல வைக்கறது, கதவும் ஃபிரேமும் ஒண்ணா ரெண்டான்னு பத்து பேரு உக்காந்து முடிவு பண்ற விஷயம் அது, தானா வந்து விழற நம்பர் இல்ல.

நம்ம ஊர் சட்டம் அப்படியே அமெரிக்கா மாதிரி இல்ல. 2017ல குளோபல் யெல்லோ பேஜஸ் கேஸ்ல நம்ம கோர்ட் ஆஃப் அப்பீல் சொன்னது, தொகுப்புல காப்பிரைட் வரணும்னா தேர்ந்தெடுக்கறதுலயோ அடுக்கறதுலயோ ஒரு படைப்பு இருக்கணும், கஷ்டப்பட்டு சேத்தோம்ங்கறதுக்காக மட்டும் பாதுகாப்பு கிடையாது, உள்ள இருக்கற தகவல் யாருக்கும் சொந்தமில்ல. ஐரோப்பால இருக்கற மாதிரி டேட்டாபேஸுக்குன்னே தனி உரிமையும் இங்க கிடையாது. அதனால ஒரு மாடல்ல ஒரு கதவு மேல ஒரு கோடு எழுதியிருக்கறது வேற, முழு டேபிளையும் காப்பி பண்ணி ஆப்ல போட்டு எல்லாருக்கும் குடுக்கறது வேற. முதல் விஷயத்துல எனக்கு பெருசா பயம் இல்ல. ரெண்டாவதுல இருக்கு.

இப்ப தம்பியோட நெஜ கேள்விக்கு வரேன். உங்க கையில இருக்கற காப்பி எந்த வழியா வந்துச்சு? இதத்தான் நான் முதல்ல கேப்பேன். உரிமைக்காரங்க வெப்சைட்லேர்ந்து நேரா இறக்கினதா, இல்ல ஆட்-இன்லேர்ந்து எக்ஸ்போர்ட் பண்ணதா? ஆட்-இன் வழியா வந்துச்சுன்னா உங்களுக்கும் ஆட்-இன்காரங்களுக்கும் நடுவுல போட்ட அக்ரிமென்ட்தான் உங்கள கட்டும், அதுல சந்தா முடிஞ்சா டேட்டாவ எல்லாம் எடுத்துடணும்னு ஒரு வரி பெரும்பாலும் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். நேரா இறக்கினது, அதுவும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0ன்னு போட்டு வந்ததுன்னா நீங்க ரொம்ப நல்ல நெலமைல இருக்கீங்க, ஏன்னா அந்த லைசென்ஸ்ல திரும்பப் பெற முடியாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. உரிமைக்காரங்க நாளைக்கு வேற நிபந்தனைல வெளியிடலாம், வெளியிடறதயே நிறுத்தலாம், அது அவங்க உரிமை, ஆனா ஏற்கனவே அந்த லைசென்ஸ்ல வந்த வெர்ஷன்ல உங்களுக்கு குடுத்தது குடுத்ததுதான். நீங்க நிபந்தனைய மீறாத வரைக்கும் அது நிக்கும். புது வெர்ஷனுக்கு மட்டும்தான் புது நிபந்தனை.

அதனால இன்னிக்கே பண்ண வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. சர்வர்ல இருக்கற எக்செல்ல திறந்து பாருங்க, முதல் ஷீட்லயோ கடைசிலயோ லைசென்ஸ் வரி இருக்கான்னு. இருந்தா அந்த ஃபைல தொடாம ரீட்-ஒன்லியா பூட்டி, இறக்கின தேதி, வெர்ஷன் நம்பரு, லைசென்ஸ் பக்கத்தோட பிடிஎஃப் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல வைங்க. நாளைக்கு யாராவது கேட்டா வாய் வார்த்தை செல்லாது, பேப்பர்தான் பேசும்.

யீஷூன்_மாடலர்

அண்ணே ரொம்ப நன்றி, இத பாஸுக்கு அப்படியே காட்டறேன். அக்காவுக்கும் நன்றி, கோர்நெட் விஷயம் கேட்டதும் பாதி பாரம் எறங்கிடுச்சு.

இன்னொரு விஷயம் இதுல மாட்டிக்குது. சைட்ல டிஃபெக்ட் லாக் பண்றதுக்கு எங்க கூட வேலை பாக்கற சப் கான் (துணை கான்ட்ராக்டர்) ஒரு ஆப் வச்சிருக்காங்க, அதுல கோடு பக்கத்துல பேரு இங்கிலீஷ்ல மட்டும் வருது. சைட்ல ஃபோன வச்சு போட்டோ எடுக்கறவங்க எல்லாம் புதுக்கோட்டை, சிவகங்கை, அப்புறம் பங்களாதேஷ் பசங்க. "டக்ட் ஆக்சஸ் பேனல்"னு இருந்தா தெரிஞ்சுக்கறாங்க, ஆனா கொஞ்சம் நீளமா டெக்னிக்கலா பேரு வந்துட்டா தப்பான வகையில போட்டுடறாங்க, அப்புறம் நான் ஆபீஸ்ல உக்காந்து போட்டோவ பாத்து பாத்து மாத்தணும். அதனால தமிழ்லயும் பெங்காலிலயும் லேபிள் போட்டுக் குடுக்கலாம்னு நாங்க ஒரு ஷீட் ரெடி பண்ணி வச்சிருக்கோம். மாத்தி எழுதி பரப்பக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்களே, இது அந்த கணக்குல வருமா?

தஞ்சோங்பகார்_கான்ட்ராக்ட்

நல்ல கேள்வி. மொழிபெயர்ப்பும் மாத்தி எழுதினதாத்தான் அந்த லைசென்ஸ் எடுத்துக்கும். ஆனா பை-என்டி 4.0ல என்ன சொல்றாங்கன்னா, மாத்தி எழுதி நீங்க உங்க வேலைக்கு வச்சுக்கலாம், அத பொதுமக்களுக்கு பரப்பறதுதான் கூடாது. உங்க ப்ராஜெக்ட் டீமுக்குள்ள நீங்களும் உங்க சப் கானும் பாக்கற ஷீட்ட பொதுவுல பரப்பறதுன்னு சொல்றது கஷ்டம். அதே ஷீட்ட வெப்சைட்ல போட்டு யாரு வேணா இறக்கிக்கங்கன்னு சொன்னா, இல்ல ஆப்காரங்க அத எடுத்து அவங்க கஸ்டமருங்க எல்லாருக்கும் குடுத்தா, அப்ப எல்லைய தாண்டிட்டீங்க. ஆப்காரங்ககிட்ட குடுக்கும்போது இந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்னு ஈமெயில்ல ஒரு வரி எழுதிடுங்க.

ஃபார்மேட் மாத்தறது வேற, எக்செல்ல சிஎஸ்வி ஆக்கறது, ஜேசன் ஆக்கறது, ரெவிட் படிக்கற டெக்ஸ்ட் ஃபைல் ஆக்கறது, இதெல்லாம் மாத்தி எழுதினதா ஆகாதுன்னு லைசென்ஸ்லயே இருக்கு. இது எல்லாம் உங்க டேபிள் அந்த லைசென்ஸ்ல வந்திருந்தாத்தான். காசு குடுத்து வாங்கற ஸ்டாண்டர்டுன்னா ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான் வேதம்.

புங்கோல்_டைனமோ

டெக்னிக்கல் பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன், நான் ரெவிட் வேலைய தானா ஓட வைக்கற டைனமோ, பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதறவன், இதே தலைவலிய இன்னொரு ஆபீஸ்ல தீத்து வச்சிருக்கோம்.

ரெவிட்ட திறந்து எந்த ஃபேமிலிய பாத்தாலும் ஆம்னிகிளாஸ் நம்பர்னு ஒரு பாராமீட்டர் இருக்கும், ஆம்னிகிளாஸ்ங்கற அமெரிக்க ஸ்டாண்டர்டோட டேபிள் 23லேர்ந்து வருது, டைப்புல அசெம்ப்ளி கோடுன்னு இருக்கும், அது யூனிஃபார்மேட்ங்கற இன்னொரு ஸ்டாண்டர்ட். ரெண்டுமே ரெவிட் கூட வர டெக்ஸ்ட் ஃபைல்லேர்ந்து படிக்கற சமாச்சாரம், டேப் வச்சு பிரிச்ச சாதாரண ஃபைல். நெறைய பேரு உங்க ஸ்டாண்டர்ட் கோடயும் இப்படி நேரா ஃபேமிலிக்குள்ளயே எழுதி வச்சிடறாங்க, நம்பரும் எழுதறாங்க பேரயும் எழுதறாங்க. அங்கதான் பிரச்சனை ஆரம்பிக்குது. லைசென்ஸ் மாறினாலும் சரி, அக்கா சொன்ன மாதிரி டேபிள் மாறினாலும் சரி, ஒவ்வொரு ஃபேமிலியா திறந்து மாத்தணும்.

நாங்க பண்ணது என்னன்னா, ஃபேமிலிக்குள்ள எங்க சொந்த கோடு மட்டும்தான், ஒரு ஷேர்டு பாராமீட்டர், அதாவது எல்லா ஃபேமிலிக்கும் பொதுவான விவரக் கட்டம். உதாரணத்துக்கு கதவுக்கு டிஆர்-010ன்னு வச்சுக்குங்க, அது எங்க ஆபீஸ் கண்டுபிடிச்ச நம்பரு, அதுக்கு யாரும் பில் அனுப்ப முடியாது. வெளிய ஒரு மேப்பிங் ஷீட், அதுல டிஆர்-010னா யூனிகிளாஸ்ல இஎஃப்_25_30, மாஸ்டர்ஃபார்மேட்ல டிவிஷன் 08, அப்படின்னு பக்கத்து பக்கத்து காலம், அதாவது ஷீட்டோட நெட்டு வரிசை. கிளையன்ட் எத கேக்கறாரோ அந்த காலத்த மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஸ்கிரிப்ட் எடுத்து ஐஎஃப்சில எழுதிடும். கிளையன்ட் மாறினா காலம் மாறும், லைப்ரரிய தொடவே வேணாம்.

ஐஎஃப்சில எழுதறப்ப ஒரு விஷயத்த எல்லாரும் விட்டுடறாங்க. ஐஎஃப்சிகிளாசிஃபிகேஷன்னு ஒரு என்டிட்டி இருக்கு, அதுல சோர்ஸ், எடிஷன், எடிஷன்டேட்னு ஃபீல்டு இருக்கு. எக்ஸ்போர்ட் செட்டிங்ல அத காலியா விட்டு அனுப்பறாங்க, அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு இந்த கோடு எந்த வெர்ஷன்படி போட்டதுன்னு யாருக்கும் தெரியாது. யூனிகிளாஸ் எல்லாம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ அப்டேட் வந்துக்கிட்டிருந்த டேபிள், ஒரு கோட எடுத்துடுவாங்க, ஒரு பேர மாத்துவாங்க. எடிஷனும் தேதியும் எழுதியிருந்தா, நாங்க குடுத்தது பழைய லைசென்ஸ்ல வந்த வெர்ஷன்னு மாடலே சாட்சி சொல்லும். சோர்ஸ்ல உரிமைக்காரங்க பேர எழுதினா பேர சொல்லணும்ங்கற நிபந்தனையும் அங்கயே கவனிச்ச மாதிரி. தனித்தனி கோடு ஐஎஃப்சிகிளாசிஃபிகேஷன்ரெஃபரன்ஸ்ல போகும், அதுல ஐடென்டிஃபிகேஷன்ங்கற இடத்துல கோடு, நேம்ங்கற இடத்துல பேரு. பேருக்கு உரிமை பத்தி சந்தேகம் இருந்தா நேம்ங்கற இடத்த கிளையன்ட் கேட்டா மட்டும் நிரப்புங்க.

செங்காங்_சைட்

கான்ட்ராக்ட் அண்ணே, டைனமோ ப்ரோ, சரி ஒத்துக்கறேன், நான் சைட் ஆளு, இவ்வளவு உள்ள போய் பாத்ததில்ல. ஆனா எனக்கு ஒரு கோவம் இருக்கு. எல்லாரும் இலவசம்னு நம்பி வருஷக்கணக்கா கோடு போட்டுட்டு வராங்க, டெண்டர்ல கேக்கறாங்க, ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறாங்க, எல்லாரும் பழகினதுக்கப்புறம் காசு கேட்டா அது நியாயமா? அந்த ஸ்டாண்டர்டுக்கு மதிப்பு வந்ததே நம்ம எல்லாரும் பயன்படுத்தினதாலதான?

ஜூரோங்_கியூஎஸ்_அக்கா

தம்பி, கோவம் நியாயம்தான், எனக்கும் இருக்கு. ஆனா மறுபக்கத்தயும் பாக்கணும். டேபிள்ல ஒரு வரி சேக்கணும்னா யாராவது ஆராய்ச்சி பண்ணணும், டூப்ளிகேட் இருக்கான்னு பாக்கணும், பழைய கோடுக்கும் புது கோடுக்கும் மேப்பிங் எழுதணும், கேள்வி கேக்கறவங்களுக்கு பதில் சொல்லணும். அது சம்பளம் வாங்கற வேலை. நம்ம ஊர்லயே கம்ப்யூட்டர் டிராயிங் (கேட்) லேயருக்கு சிபி 83, மெஷர்மென்ட்டுக்கு சிபி 97ன்னு ஸ்டாண்டர்ட் வந்துச்சு, சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் எல்லாம் இ-ஷாப்ல காசு குடுத்துதான் வாங்கறோம், யாரும் சண்டைக்கு போகல.

எனக்கு உறுத்தறது காசு இல்ல, நடுவழில நிபந்தனை மாறறதுதான். ஸ்டாண்டர்ட் பொதுச் சொத்து மாதிரி தெரியும், ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு சொந்தக்காரர் இருக்காரு, அந்த சொந்தக்காரரும் மாறலாம். என்பிஎஸ்ஸயே பாருங்க, பிரிட்டன் ஆர்க்கிடெக்டுங்க சங்கம் ஆர்ஐபிஏவோட கம்பெனிக்குள்ள இருந்தது, 2018ல எல்டிசிங்கற முதலீட்டுக் கம்பெனி பங்கு வாங்குச்சு, 2020ல ஸ்வீடன்காரங்க பிக்ஃபாக்டா மொத்தமா வாங்கினாங்க. அத தப்புன்னு நான் சொல்லல, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனா பிம் தகவலுக்கான ஐஎஸ்ஓ 19650-2 ஸ்டாண்டர்டுக்கு பிரிட்டன் சேத்த நேஷனல் அனெக்ஸ்லயே (இணைப்புலயே) யூனிகிளாஸ் பேரு இருக்கு. ஒரு நாட்டோட வழிகாட்டுதல்ல ஒரு டேபிளோட பேரு ஏறினதுக்கப்புறம் அது தனியார் சொத்தா பொதுச் சொத்தாங்கற கேள்வி வரத்தான் செய்யும்.

ஐரோப்பாலயும் இந்த கேள்வி வந்துச்சு. 2024 மார்ச்ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம், பொம்மை பாதுகாப்பு ஸ்டாண்டர்ட் கேஸ்ல, சட்டத்தோட பகுதியா ஆயிட்ட ஸ்டாண்டர்ட மக்கள் பாக்க முடியாம பூட்டி வைக்கக் கூடாது, அதுல பொது நலன் இருக்குன்னு தீர்ப்பு சொல்லிச்சு. நம்ம ஊர்ல ஐஎஃப்சி-எஸ்ஜிய அரசாங்கம் இலவசமா குடுக்கறது இந்த விஷயத்துல சரியான வழி. கட்டாயம்னா காசு கேக்கக் கூடாது. காசு கேட்டா கட்டாயம் ஆக்கக் கூடாது. இதுல நான் உறுதியா இருக்கேன்.

தஞ்சோங்பகார்_கான்ட்ராக்ட்

அக்கா சொன்ன கடைசி வரி கிளையன்ட்டுக்கும் பொருந்தும், தம்பியோட "லேட்டஸ்ட் வெர்ஷன்" பிரச்சனைக்கு விடை அதுதான்.

கிளையன்ட் அவரோட இன்ஃபர்மேஷன் ரிக்வயர்மென்ட்ல "லேட்டஸ்ட்"னு எழுதினா, ரெண்டு வருஷ ப்ராஜெக்ட்ல நடுவுல டேபிள் மாறினாலும் நீங்கதான் துரத்திக்கிட்டு ஓடணும், லைசென்ஸ் மாறி காசு கேட்டாலும் உங்க தலைலதான் விழும். அத அப்படியே விடாதீங்க. பிம் எக்ஸிகியூஷன் பிளான்ல எழுத வேண்டியது இதுதான்: அவார்டு தேதியில (கான்ட்ராக்ட் குடுத்த நாள்ல) வெளியாகியிருக்கற வெர்ஷன், அதோட நம்பரும் தேதியும், அது ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் மாறாது. புது வெர்ஷன் வேணும்னு கிளையன்ட் கேட்டா அது வேரியேஷன் (ஒப்பந்த வேலைல மாற்றம்), மாத்தற வேலைக்கும் லைசென்ஸுக்கும் காசு அவரோடது. டேபிளுக்கு கட்டணம் உண்டுன்னா யாரு பேர்ல வாங்கறது, சப் கான் எல்லாம் அந்த ஒரே லைசென்ஸ்ல பாக்கலாமா இல்ல தனித்தனியா வாங்கணுமாங்கறதயும் ஆரம்பத்துலயே எழுதிடணும். இங்கதான் பெரிய கம்பெனி தப்பிச்சுக்கும், சின்ன கம்பெனி மாட்டிக்கும், ஏன்னா பெரிய ஆபீஸ் ஏற்கனவே எல்லாருக்கும் வாங்கி வச்சிருக்கும், சப் கான் ஒரு ஷாப் டிராயிங் குடுக்கறதுக்காக சந்தா கட்ட மாட்டான், அப்புறம் கோடு இல்லாத மாடல்தான் வரும், கடைசில எல்லாம் கன்சல்டன்ட் மடியில வந்து விழும்.

ஏற்கனவே குடுத்து முடிச்ச மாடல பத்தி கேட்டீங்கல்ல, காசு கட்டாததால அதுல இருக்கற கோட எல்லாம் அழிங்கன்னு யாராவது சொன்னா உடனே சரின்னு சொல்லிடாதீங்க. எந்த அக்ரிமென்ட், அதுல எந்த ஷரத்துன்னு எழுத்துல கேளுங்க.

யீஷூன்_மாடலர்

இன்னிக்கு மத்தியானம் சர்வர்ல தேடிப் பாத்தேன். எக்செல் நேரா உரிமைக்காரங்க சைட்லேர்ந்து இறக்கினதுதான், முதல் ஷீட்ல வெர்ஷன், தேதி, கீழ கிரியேட்டிவ் காமன்ஸ் வரி எல்லாம் இருக்கு. அண்ணன் சொன்ன மாதிரி பூட்டி வச்சாச்சு. ஆட்-இன்லேர்ந்து எக்ஸ்போர்ட் பண்ண ஷீட் ஒண்ணும் பக்கத்துல கெடந்துச்சு, அத தனியா எடுத்து வச்சுட்டேன், ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னு. சொந்த கோடு மேப்பிங் ஃபயர் ப்ரொடெக்ஷன் ஃபேமிலிலேர்ந்து ஆரம்பிக்கறோம், அதுதான் இருக்கறதுலயே சின்ன லைப்ரரி.

ஆட்-இன்காரங்களுக்கு, சந்தா முடிஞ்சா ஏற்கனவே எழுதின கோடு மாடல்ல இருக்கலாமா கூடாதா, எந்த ஷரத்துப்படின்னு கேட்டு ஈமெயில் போட்டிருக்கேன். கிளையன்ட் மீட்டிங் வெள்ளிக்கிழமை, அவார்டு தேதி வெர்ஷன்ங்கற வரிய பாஸே பேசறேன்னுட்டாரு.

புங்கோல்_டைனமோ

அவங்க பதில் வந்தா இங்கயே போடுங்க ப்ரோ, பேரு விவரத்த எடுத்துட்டு. இதே மாதிரி ஈமெயில் எங்க ஆபீஸுக்கும் வந்திருக்கு. மேப்பிங் ஸ்கிரிப்ட் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க, நாங்களே எழுதினது, எடுத்துக்கலாம், எக்செல்லேர்ந்து படிச்சு ஷேர்டு பாராமீட்டர்ல எழுதும். ரெவிட்டோட ஸ்ப்ரிங்க்ளர் கேட்டகிரில டைப் பாராமீட்டரா வைங்க, இன்ஸ்டன்ஸா வைக்காதீங்க, இல்லன்னா ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனித்தனியா நிரப்பணும்.